துரையின் உத்தியோகம்

தை அமாவாசைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ராமேஸ்வரத்தில் ஒரு வெறிநாய் ஒன்பது யாத்ரீகர்களைக் கடித்தது. அவர்களில் ஒருவர் வடக்கே பெரிய வக்கீல். ஆகவே தீவில் உள்ள நாய்களை எல்லாம் சுட்டுவிடும்படி உத்தரவு வந்தது. கடித்த நாய் அன்றைக்கே செத்துப்போயிருந்தது.

உத்தரவில் ஒரு விலக்கு இருந்தது. நோய் இல்லாமல், ஏதாவது ஒரு வேலை செய்து பிழைக்கும் நாயாக இருந்தால் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் காட்டி அதன் கழுத்தில் பித்தளை வில்லை கட்டிக்கொள்ளலாம். வடகரையில் இருந்த அந்தோணியார்புரத்தில் வேலை செய்யும் நாய் ஒன்றே ஒன்றுதான். கண்ணில்லாத வியாகுலத்தைக் கயிற்றில் கூட்டிக்கொண்டு போகும் துரை. அதற்குப் பதினோரு வயது.

துரைக்கும் கண் தெரியாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது வியாகுலம் காத்துவந்த ரகசியம்.

வியாகுலத்தின் கண்களை எடுத்தது வெடி. மீனுக்குப் போட நினைத்தது, கையை விட்டுப் போகுமுன் வெடித்தது. இரண்டு கண்களும் இடக்கையில் ஒரு விரலும் போயின. மீன் ஒன்றுகூடச் சாகவில்லை என்று வள்ளத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அதற்கப்புறம் அவன் கரையில் உட்கார்ந்து ஊராரின் கிழிந்த வலைகளைப் பொத்திப் பிழைத்தான். விதவையான அக்கா மிக்கேலம்மாள் கருவாடு விற்றுவந்து சோறாக்கினாள்.

துரை, சுதந்திரம் வந்த வருஷம் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் பாம்பனில் விட்டுப்போன நாயின் குட்டி. தகப்பன் யார் என்பது ஊருக்கே தெரியும். பெயர் மட்டும் தாய்வழியில் வந்தது. யாரும் அதைப் பழக்கவில்லை. வழியில் நங்கூரம் கிடந்தால் நிற்கும். காரல் மீன் காயும் இடத்தைச் சுற்றிப் போகும். பத்து வருஷத்தில் வியாகுலம் ஒருமுறைதான் விழுந்தான். அன்று துரையை வீட்டில் விட்டுவிட்டுத் திருட்டுச் சாராயம் குடிக்கத் தனியாகப் போயிருந்தான்.

போன மழைக்காலத்தில் கயிறு தளரத் தொடங்கியது. முன்னால் இழுத்துப்போன நாய் பக்கத்தில் நடந்தது. ஒருநாள் கோயில் சுவரில் மோதி நின்றது. வியாகுலம் குனிந்து அதன் முகத்தருகே கையைக் கொண்டுபோனான். அவன் முகத்தருகே எத்தனையோ பேர் அப்படிக் கையை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். விரல் இமையில் படும்வரை துரை அசையவில்லை. பட்டதும் விரலை நக்கியது.

அன்றிலிருந்து அவன் அதைக் கூட்டிப் போனான். கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டான். வீட்டிலிருந்து கோயிலுக்கு எத்தனை எட்டு, கோயிலிலிருந்து வலைக்கொட்டகைக்கு எத்தனை எட்டு, எந்த இடத்தில் மணல் இறுகும், எங்கே சரியும், எல்லாம் அவன் காலுக்குத் தெரியும். எதிரே ஆள் வரும் சத்தம் கேட்டால், “பாத்துப் போ துரை, கண்ணு எங்கன இருக்கு?” என்று அதட்டுவான். ஒரு தடுக்கல் இல்லை, ஒரு மோதல் இல்லை. தன் ஞாபகத்தை எண்ணி அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது.

உத்தரவு வந்த வாரம் ஊரில் இருந்த மற்ற பதினேழு நாய்களும் கில்பர்ட்டின் வள்ளத்தில் ஏறின. மண்டபத்துக்குத் தெற்கே ஓர் ஆளில்லாத் தீவில் அவற்றை இறக்கிவிட்டு, அமாவாசை கழியும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கூடை மீன் கொண்டுபோய்ப் போடுவது என்று ஏற்பாடு. துரைக்கும் இடம் இருக்கிறது என்றான் கில்பர்ட்.

வியாகுலம் யோசித்தான். துரை போனால் மூன்று வாரம் தனியாக நடக்கவேண்டும். தனியாக நடந்தால் நன்றாகவே நடப்பான். நாய் இல்லாமல் இவன் எப்படி நேராகப் போகிறான் என்று ஊர் கேட்கும். கேட்டால் நாயின் கண் தெரிந்துவிடும். வேண்டுமென்றே விழுந்து காட்டலாம். மூன்று வாரம் விழுவதற்கு உடம்பு இடம் கொடுக்காது.

“உத்தியோகத்துல இருக்கிற நாய் லீவு போட்டுட்டு ஓடக்கூடாது கில்பர்ட்டு” என்றான்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ராமசுப்பிரமணியன் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். பினாயில் வாசனையும் புதுச் செருப்பின் கிறீச்சும் வியாகுலத்துக்கு முன்னால் வந்து நின்றன. ஊரும் பின்னாலேயே வந்து கூடியது. இன்ஸ்பெக்டர் துரையின் வாயைத் திறந்து பார்த்தார். நுரை இல்லை. காதைப் பார்த்தார். பிறகு செருப்பு கிறீச்சிட இன்னும் கிட்டக் குனிந்தார்.

“கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்கே.”

“அது வெள்ளைக்காரன் கண்ணுங்கய்யா. சாதியே அப்படித்தான்” என்றாள் மிக்கேலம்மாள்.

அக்காவின் அறியாமைக்கு வியாகுலம் மனதுக்குள் அந்தோணியாருக்கு நன்றி சொன்னான்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நியாயமான மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“நாய் உன்னைக் கூட்டிட்டுப் போகுதா, நீ நாயைக் கூட்டிட்டுப் போறியா?”

“நான் குருடனுங்கய்யா” என்றான் வியாகுலம்.

அது பதில் இல்லை என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தெருவில் நடந்து காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், தெரு காலுக்குப் பழகியிருக்கும் என்றார். கரையில் நடக்கச் சொன்னார். கில்பர்ட்டின் வள்ளத்தில் தொடங்கிக் கொடிமரம் வரைக்கும். யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. போய்ச் சேர்ந்தால் வில்லை. சேராவிட்டால் நாய் அங்கேயே நிற்கட்டும். துப்பாக்கிக்காரன் சாயங்காலம் வருவான்.

கரை தெரு அல்ல. நேற்று நின்ற வள்ளம் இன்று அங்கே நிற்காது. நங்கூரம், துடுப்பு, கயிறு, காயும் மீன் எல்லாம் தினம் ஓர் இடத்தில் கிடக்கும். கண் தெரிந்த காலத்திலேயே வியாகுலம் அங்கே தடுக்கியிருக்கிறான்.

“நட துரை” என்றான்.

அலைச் சத்தத்தை இடக்காதில் வைத்துக்கொண்டு இருபது எட்டு நடந்தான். துரை அவன் முழங்காலை உரசிக்கொண்டே வந்தது. அந்தக் கரையில் அத்தனை அமைதியை அவன் கேட்டதே இல்லை. இருபத்தோராவது எட்டில் ஒரு கயிறு கெண்டைக்காலில் பட்டது. நின்றான். அவன் நின்றதால் நாயும் நின்றது. கயிற்றுக்கு ஒரு முனையில் வள்ளம் இருக்கும், மறு முனையில் நங்கூரம் இருக்கும். எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பின்னால் இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது.

அப்போது கோயில் மணி அடித்தது. மும்மூன்றாக அடித்தது. உச்சிவேளை ஜெபத்துக்கான மணி.

இன்னும் பன்னிரண்டு ஆகவில்லையே என்றார் இன்ஸ்பெக்டர். எங்கள் கோயில் கடிகாரம் கொஞ்சம் முந்தும் என்று மிக்கேலம்மாள் பணிவாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பக்தியுள்ளவர். யார் சாமியானாலும் சாமி. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

பெண்கள் ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள். வழக்கமாக எல்லோரும் ஒரே குரலாகச் சொல்வார்கள். அன்று ஒருத்தி மட்டும் தொடங்கினாள். வலப்பக்கம் கொஞ்சம் முன்னால் ஜோதிமேரியின் குரல். வியாகுலம் அந்தக் குரலை நோக்கித் திரும்பினான். காலில் கயிறு இல்லை. அவளை நெருங்கியதும் அவள் குரல் தணிந்தது. அதற்கப்பால் வேறொருத்தி அடுத்த வரியைப் பிடித்தாள். அவளை நோக்கி நடந்தான். இடப்பக்கம் போகவேண்டாத இடங்களில் எல்லாம் அற்புதம்மாள் நின்றாள். அவள் மாதாவை வாழ்த்தியது சண்டைக்கு இழுப்பது போல இருந்தது. அவன் ஒதுங்கி ஒதுங்கிப் போனான். காயும் மீனின் ஓரத்தில் மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள். கடைசி ஆமென் கொடிமரத்தடியிலிருந்து வந்தது. கை நீட்டினான். மரம் தட்டுப்பட்டது. துரை உட்கார்ந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். இவ்வளவு பேர் சத்தமாக ஜெபம் சொல்லும்போதும் நாயின் கவனம் சிதறவில்லை என்று பாராட்டினார். வில்லையைத் தம் கையாலேயே கட்டினார். பதிவேட்டில், வேலை என்ற இடத்தில், குருடருக்கு வழிகாட்டுதல் என்று எழுதிக்கொண்டு படித்தும் காட்டினார். ஒரு நிபந்தனையும் சொன்னார். இது வேலைக்காகக் கொடுத்த வில்லை. ஆள் வெளியே, நாய் வீட்டில் என்றால் வில்லை செல்லாது. படுத்துக் கிடக்கும் நாய் நோய்நாய் என்றுதான் கொள்ளப்படும்.

வீட்டுக்கு வந்ததும் வியாகுலம் கயிற்றைக் கீழே போட்டான்.

“எப்பருந்து தெரியும்?”

“என்னது?”

“அக்கா.”

மிக்கேலம்மாள் பானையை இறக்கி வைத்தாள். “பத்து வருஷம் நீ அதுகிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லை. என்னைக்குப் ‘பாத்துப் போ துரை’ன்னு ஊரு கேக்கக் கத்த ஆரம்பிச்சியோ, அன்னைக்கே எல்லாருக்கும் தெரியும்லே.”

“எல்லாருக்குமா?”

“பின்ன? நீ வர்ற வழியில கெடக்கிற நங்கூரத்தையும் துடுப்பையும் ஒரு வருஷமா யாரு தூக்கிப் போடுறான்னு நெனச்ச? கில்பர்ட்டு இடுப்புப் பிடிச்சுப் போய்க் கிடக்கான்.”

வியாகுலம் அன்று சாப்பிடவில்லை. துரை பிழைத்தது சந்தோஷம்தான். ஆனால் அவன் ஒரு வருஷமாகத் தன் கால்களின் மேல் வைத்திருந்த கர்வம் வேறு யாரோ தூக்கிப் போட்ட நங்கூரங்களால் ஆனது என்று தெரிந்தபிறகு சோறு இறங்கவில்லை. அவன் நாயை ஏமாற்றிக் கூட்டிப்போனான். ஊர் அவனை ஏமாற்றிக் கூட்டிப்போயிருக்கிறது. அவனுடைய பங்குச் சோற்றைத் துரை சாப்பிட்டது.

மறுநாள் அவன் துரையை அதட்டாமல் நடந்தான். தெருவில் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல இருந்தார்கள். அவனும் இருந்தான்.

நான்காம் நாள் காலையில் துரை எழவில்லை. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால்கள் மடிந்தன. கிழக்கே அடுத்த ஊரில் வெடிச்சத்தம் கேட்டது. துப்பாக்கிக்காரர்கள் இங்கும் வீடு வீடாக வருகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டு ஓடின. கதவைச் சாத்தி வை என்றாள் மிக்கேலம்மாள். சாத்தினால் திறப்பார்கள். திறந்தால் படுத்துக் கிடக்கும் நாயைப் பார்ப்பார்கள்.

வியாகுலம் குனிந்து துரையைத் தூக்கித் தோள்மேல் போட்டுக்கொண்டான். முன்கால்கள் ஒரு பக்கமும் பின்கால்கள் ஒரு பக்கமுமாக அது அவன் பிடரியில் கிடந்தது. அவன் நினைத்ததைவிட எடை குறைவாக இருந்தது. கயிற்றின் ஒரு முனை அதன் கழுத்தில், மறு முனை அவன் கையில். விதி விதிதான். வாசலில் இறங்கும்போது, “நல்ல மேய்ப்பர் வாராரு, ஒதுங்குங்கடி” என்று அற்புதம்மாளின் குரல் கேட்டது.

கொட்டகைக்குப் பாதி வழியில் ஒரு வாசனை அவனை நிறுத்தியது. வெடிமருந்து. அந்த வாசனையை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கமுதிப் பக்கத்திலிருந்து வந்த மருதுபாண்டி, காட்டுப்பன்றி சுடுவதற்கு லைசென்சு வைத்திருந்தவன். இந்த வேலைக்கென்று அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். அவன் வியாகுலத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தான். வியாகுலமும் காலடிச் சத்தம் வரும் பக்கமெல்லாம் திரும்பினான். வில்லையைப் புரட்டும் ஓசை காதருகே கேட்டது.

“வேலை என்னண்ணே?”

“வழிகாட்டுறது.”

“நாயி வழிகாட்டுதுங்கிறீக. தூக்கிட்டுல்ல போறீக?”

“மேல இருந்து பாத்தாத்தான் அதுக்குத் தூரம் தெரியும்.”

மருதுபாண்டி துப்பாக்கியைத் தோள் மாற்றும் சத்தம் கேட்டது. பன்றி வேட்டைக்காரனுக்குப் பொறுமை அதிகம்.

“அப்பச் சரி. போங்க. பாக்குறேன்.”

வியாகுலம் காலை எடுத்தான். எடுத்த பிறகுதான் தெரிந்தது, திரும்பித் திரும்பி நின்றதில் திசை போய்விட்டது. எட்டுக் கணக்கும் போய்விட்டது. காற்று விழுந்திருந்ததால் அலைச் சத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தது. துப்பாக்கிக்குப் பயந்து தெருவில் பெண்கள் யாரும் இல்லை. ஜெபவேளையும் இல்லை. இடப்பக்கம் போனாலும் சுவர் இருக்கலாம், வலப்பக்கம் போனாலும் இருக்கலாம். பின்னால் மருதுபாண்டி நிற்கிறான்.

“எங்கிட்டு துரை?” என்றான். மருதுபாண்டிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அல்ல. மெதுவாகத்தான் கேட்டான்.

துரை மூக்கைத் தூக்கியது. மூச்சு இரண்டு முறை அவன் காதில் பட்டது. பிறகு தாடையை அவன் வலது கன்னத்தின் மேல் வைத்து அழுத்தியது. வியாகுலம் வலப்பக்கம் திரும்பினான். அழுத்தம் நின்றது. நடந்தான். ஓரிடத்தில் மறுபடி அழுத்தியது, மறுபடி திரும்பினான். எதிலும் மோதவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் எண்ணாமல் நடந்தான்.

கால் சாம்பலை மிதித்தது. முழங்காலில் ஒரு பெஞ்சு இடித்தது. கொதிக்கும் பாலின் வாசனை வந்தது. கொட்டகை இதற்கு நேர் எதிர்த் திசை. இது ஹமீது சுல்தானின் டீக்கடை. தோளில் துரையின் வால் மெல்ல ஆடியது.

பின்னாலேயே வந்த மருதுபாண்டி, துப்பாக்கியைப் பெஞ்சில் சாத்தி வைத்தான்.

“எங்க போகணும்னு கிளம்புனீக?”

“இங்கனதான்” என்று சொல்லிவிட்டு, வியாகுலம் பெஞ்சைத் தடவி உட்கார்ந்து துரைக்கு இரண்டு பொறை ரொட்டி சொன்னான்.