அத்தை என்று பெயரிட்ட இணைப்பு

1
இந்தக் கதை எனக்கு, வீட்டுக்கு நெட் பகிரும் ஒரு ரவுட்டர் பெட்டிக்குள் கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான்; உள்ளே லினக்ஸ் ஓடுகிறது. என் கணவர் வரி வரியாகத் தட்டி அமைத்தது. இப்போது அவர் இல்லை. 'நான்' என்று எழுதினால் இரண்டு வரிக்கு மேல் நகர மாட்டேனென்கிறது. ஆகவே இனி 'அவள்'.

2
[மின்சாரம் போய்த் திரும்பிய அந்தக் காலை வேளையில், ஒரு சிறிய பச்சை விளக்கு... வேண்டாம்.]

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் இறங்கி வந்தாள்.

"அண்ணி, கரண்ட் வந்ததுலேருந்து மேல நெட் இல்ல. பத்து மணிக்கு வீடியோவுல இன்டர்வியூ. பெட்டிக்குப் பின்னாடி ரீசெட் ஓட்டை இருக்குல்ல, ஊசியால குத்திடலாம்."

"குத்தினா உங்கண்ணன் எழுதினதெல்லாம் அழிஞ்சிடும்."

"அண்ணனே போயாச்சு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, ஒம்பதே முக்கால் வரைக்கும் பாருங்க. அப்புறம் ஊசி என் கையில."

(நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அவளுக்கு அப்போது தோன்றவில்லை.)

3
பெட்டிக்குள் அவர் எழுதிவைத்த கோப்பைத் திறந்தாள். மேலே மூன்று இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், தனி முகவரி. வெளியிலிருந்து வருவது 'வாசல்'. வீட்டுக்குள் 'கூடம்'. மூன்றாவது 'அத்தை'. மாமியார் போன வாரம் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார். காலி அறைக்கு எதற்கு என்று, அந்த வரிகளுக்கு முன்னால் # போட்டு மூடியது அவளேதான்; # போட்ட வரியைப் பெட்டி படிக்காது. பெட்டி அணைந்து எழும்வரை மாற்றம் நடப்புக்கு வராது. அதனால் ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை.

இப்படி ஒரு மக்குப் பாத்திரத்தை யார் நம்புவார்கள்? நான் நம்புகிறேன். நெருங்கிய பழக்கம்.

4
ஒன்பது நாற்பது. படிக்கட்டில் மகளின் குரல்.

"அத்தை, அந்தக் கம்மல் வேணாம். அழுது வடியுது."

கீழே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அத்தை என்றால் மாமியார். கணவருக்கோ அம்மா, அம்மாதான். அவர் 'அத்தை' என்றதெல்லாம் மகளுக்காக, தன் தங்கையை. அப்பாவாக அவர் எழுதியதை மனைவியாகப் படித்திருக்கிறாள்.

(மகள் அப்போது பள்ளியில் இருந்தாள். பெட்டியின் மூன்றாவது துளையிலிருந்து மாடிக்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போய்த்தான் கண்டுபிடித்தேன். ஆனால் கதைக்கு மகள் பொருந்துகிறாள், இருந்துவிட்டுப் போகட்டும்.)

#களை நீக்கினாள். பெட்டி அணைந்து எழுந்தது.

"வந்துடுச்சு அண்ணி. உங்க பெட்டி பிழைச்சுது."

5
கோப்பின் அடியில், அதுவரை கண்ணில் படாத நான்காவது இணைப்பு ஒன்று. முகவரி தயார், பெயருக்கான இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. மகள் தனி அறை கேட்கும் நாளுக்கு என்று ஒரு முடிவு எழுதினேன். எனக்காக என்று இன்னொன்று எழுதி அடித்தேன். அவர் பாதியில் விட்ட வரியை நான் முடிப்பதில் தப்பில்லை என்று இன்றுதான் தோன்றுகிறது. கர்சர் அங்கே மின்னிக்கொண்டிருக்கிறது.

பெயரின் முதல் எழுத்தை நீங்கள் சொல்லுங்கள். தட்டுகிறேன்.