ஏதோ ஒண்ணு குறையுது

பிள்ளையைப் பெற்றவளுக்கு நானே போன் போட்டுப் பேசினேன் என்று சொன்னதும் தையல் கடையில் மூன்று மெஷினும் ஒரே சமயத்தில் நின்றன. கடைக்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். குண்டூசியை எடுத்துவிட்டு அவர் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"உனக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா? திங்கக்கிழமை பிள்ளை யாருகிட்ட இருக்கணும்னு முடிவு பண்ணப் போறாங்க. இந்த நேரத்துல அவகிட்டப் போயி சமையல் பக்குவம் கேட்டியாமே?"

"கேட்டேன். அதுக்கென்ன இப்போ?" என்றேன். எனக்குக் கோபம் எப்போதுமே மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு வந்தது பயத்தில் வந்த கோபம்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நான் அளவு திருத்துகிற தையல்காரி. இடுப்புப் பெருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பேன், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பேன். முப்பத்தெட்டு வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்றிருந்துவிட்டு, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒரு மனுஷரைக் கட்டிக்கொண்டேன். அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருந்தாள். வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார். பொடிசின் அம்மா ஒரு ஜப்பான் ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவள். புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து, பிள்ளைக்கு ஏழு வயதாக இருக்கும்போது வேறு ஊரில் பெரிய ஓட்டல் வேலைக்குப் போய்விட்டாள். காலூன்றியதும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாளாம். காலூன்ற ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது திடீரென்று குழந்தைகள் நல அலுவலகத்தில் மனுப் போட்டாள், பிள்ளை தன்னோடு இருக்கட்டும் என்று. பன்னிரண்டு வயது முடிந்துவிட்டால் பிள்ளையின் வாயாலேயே கேட்பார்களாம். மாதக் கடைசித் திங்கட்கிழமை வரச் சொல்லி அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளைக்குப் பேன் பார்த்திருக்கிறேன். ஜுரம் வந்தால் பக்கத்தில் கிடந்திருக்கிறேன். எனக்கே புரியாத கணக்கை அவளோடு உட்கார்ந்து போட்டு இரண்டு பேருமாக அழுதிருக்கிறோம். "நான் இங்கயே இருக்கேன்" என்று அவள் அந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

கடிதம் வந்த வாரம் பொடிசு தானாக வந்து சொன்னாள். "சித்தி, கியோசா சாப்பிடணும் போல இருக்கு."

இரண்டு வருஷத்தில் இது வேண்டும் என்று அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் சங்கதி அது. "அவ்வளவுதானே, கடையில வாங்கிட்டு வரேன்" என்றார் அவர்.

"கடையில விக்கறது இல்லப்பா. வீட்டுல பண்றது."

"சும்மா இருங்க. நான் பண்றேன்" என்று குறுக்கே பாய்ந்தேன். இப்படி ஒரு வாய்ப்பை விடுவேனா?

மெல்லிய மாவு வட்டத்துக்குள் கறியும் கோஸும் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தில் மடிப்பு வைத்து ஒட்ட வேண்டும். தவாவில் அடிப்பக்கம் சிவக்க விட்டு, தண்ணீர் ஊற்றி மூடி வேக வைக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் பண்ணுவது. வீடியோவில் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கிறது. மடிப்பு வைப்பது என் தொழில், அதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பாவாடைக்குக் கொசுவம் பிடிக்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அழகாக உட்கார்ந்தது. ஆனால் எள் எண்ணெய் என்று போட்டிருந்ததைப் பார்த்து, எள் எண்ணெய்தானே என்று அலமாரியில் இருந்த நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். அது எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெயாம். எனக்கு யார் சொன்னார்கள்?

பொடிசு நாலு சாப்பிட்டாள். "பச்சை வாசனை அடிக்குது சித்தி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியான எண்ணெய் வாங்கிவந்தேன். இந்தத் தடவை அவசரம். வெந்துவிட்டதா, வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் மேல்பக்கம் வேகவில்லை, அடிப்பக்கம் தவாவோடு ஒட்டிக்கொண்டது. பெயர்த்தால் தோல் தனி, கறி தனி. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இருடி, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரேன்" என்றார். நான் கரண்டியை ஓங்கினேன். பொடிசு சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது, நானும் சிரித்துவிட்டேன். மூன்று பேருமாகத் தவாவைச் சுற்றி நின்று சுரண்டிச் சுரண்டித் தின்றோம். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்று கூசாமல் சொல்வேன்.

கடைசிச் சுரண்டலைச் சாப்பிட்டபின் சொன்னாள். "இருந்தாலும் ஏதோ ஒண்ணு குறையுது."

மூன்றாவது ஞாயிறு எல்லாம் சரியாக வந்தது. கோஸை உப்புப் போட்டுப் பிசறி, தண்ணீர் சொட்டில்லாமல் பிழிந்தேன். மூடியை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அடிப்பக்கம் பொன்னாகச் சிவந்து, தட்டில் கவிழ்த்தால் ஒன்றுகூடப் பிய்யவில்லை. சோயா சாஸில் வினிகர் விட்டுக் கிண்ணத்தில் வைத்தேன். பொடிசு ஒன்றை எடுத்தாள், கடித்தாள், யோசித்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னடி குறையுது? சொல்லித் தொலையேன்!"

கத்திவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. "தெரியல சித்தி. அப்போ நான் சின்னப் பொண்ணு" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு வேண்டாவெறுப்பாக மூன்று சாப்பிட்டாள், எனக்காக. வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. அடுத்த ஞாயிறு போனால் மறுநாள் அலுவலகம். கத்துகிற சித்தி என்ற நினைப்போடா இந்தப் பிள்ளை அங்கே போய் உட்கார வேண்டும்?

புதன்கிழமை மதியம், கடைக்குப் பின்னால் இஸ்திரி மேசைப் பக்கம் போய் நின்றுகொண்டு, வீட்டுக்காரர் போனிலிருந்து எடுத்து வைத்திருந்த அவள் நம்பரைப் போட்டேன். திமிராக ஒரு குரல் வரும், அதற்குச் சுடச்சுடக் கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

நான் யார் என்று சொன்னதுமே அந்தக் குரல் பதறியது. "ஐயோ, அவளுக்கு ஏதாவது...?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா. கியோசாவுக்குத் தண்ணி எவ்வளவு ஊத்துவீங்க?"

பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டாளா அவ?"

எனக்காகத்தான் கேட்கிறேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவளா நான்? வாடிக்கையாளரிடம் தினமும் நாளைக்கு ரெடி, நாளைக்கு ரெடி என்கிறவள். ஆனால் அந்தக் குரல் கேட்ட விதத்தில் பொய் வரவில்லை.

"ஆமா. மூணு வாரமா கேக்கறா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஓட்டலில் ஆர்டர் சொல்கிற மாதிரி மடமடவென்று சொன்னாள். "வெறும் தண்ணி ஊத்தாதீங்க. அரை டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் மைதா கரைச்சு ஊத்துங்க. தண்ணி வத்தினதும் அடியில வலை மாதிரி படியும். மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம், சத்தத்தைக் கேளுங்க. கொதிக்கற சத்தம் போயி பொரியற சத்தம் வரும். அப்போ ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தட்டைக் கவுத்து மூடி அப்படியே திருப்பிடுங்க. எல்லாம் ஒட்டினாப்புல ஒரே அடையா வரும்."

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். தேங்க்ஸ் சொல்ல நாக்கு எழவில்லை. இதைத்தான் மறுநாள் கடையில் உளறித் தொலைத்தேன். "அவளுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டு வந்திருக்க" என்று கடைக்காரம்மா குண்டூசியைத் திரும்ப வாயில் கவ்விக்கொண்டார். பிள்ளை கேட்டதைச் செய்து போட்டால் பிள்ளை நம் பக்கம்தானே நிற்கும்? எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நான்காவது ஞாயிறு. மாவுத் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு, அடுப்பின் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கொதிக்கிற சத்தம் மெல்லத் தேய்ந்து, படபடவென்று பொரிகிற சத்தம் வந்தது. தட்டைக் கவிழ்த்துத் திருப்பினேன். பன்னிரண்டு கியோசாவையும் சேர்த்துப் பிடித்தபடி மெல்லிசாக, ஓட்டை ஓட்டையாக, மொறுமொறுவென்று ஒரு வலை. என் கையாலேயே செய்தது என்று நம்ப முடியவில்லை. மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

பொடிசு கியோசாவைத் தொடவே இல்லை. ஓரத்து வலையை இரண்டு விரலால் ஒடித்து வாயில் போட்டாள். "ஆ!" என்றாள். "இதுதான்! இதுதான் சித்தி!" சுற்றிச் சுற்றி ஒடித்துத் தின்றாள். அதன்பிறகு கியோசாக்களை ஊதி ஊதி, சாஸ் தாடையில் வழிய வழியத் தின்றாள். அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தட்டில் ஒரு துண்டு வலையும் ஒரு கியோசாவும் மிஞ்சின. பொடிசு அவற்றைப் பத்திரமாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். நான் அன்றைக்கு ஒன்றுகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்காகத்தான் எடுத்து வைக்கிறாள் என்று உள்ளம் குளிர்ந்து கையை நீட்டினேன்.

"சித்தி, அது அம்மாவுக்கு" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தட்டைப் பார்த்தாள். அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து கை துடைத்துக்கொண்டு யாரோ வரப்போகிற மாதிரி ஒரு பார்வை. பிறகு உதடு கோணியது. அம்மா கிளம்பிப் போன அன்றுகூட இவள் அழவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து வைத்து அழுதாள். நான் அணைத்துக்கொண்டேன், என் தோளைப் பிடித்துக்கொண்டேதான் அழுதாள். "அம்மாகிட்டப் போகணும் சித்தி, எனக்கு அம்மாகிட்டப் போகணும்" என்று என்னிடமே கெஞ்சினாள்.

மறுநாள் அலுவலகத்தில் பிசிறில்லாமல் சொன்னாள். அம்மாவோடு இருக்கிறேன், லீவில் அப்பாவிடம் வருகிறேன். அதிகாரியம்மா என்னைக் காட்டி, இவங்க உன்னை ஏதாவது திட்டுவாங்களா என்று கேட்டார்.

"கத்துவாங்க. ஆனா ரொம்ப நல்லவங்க. நான் கேட்டதுக்காக நாலு வாரம் கஷ்டப்பட்டாங்க" என்றாள் பொடிசு. அதிகாரியம்மா தலையை ஆட்டி அதையும் எழுதிக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்காரர் சொன்னார். "உன்னை யாரு அவளுக்குப் போன் பண்ணச் சொன்னா? குறையுதுன்னா குறைஞ்சுட்டுப் போகுதுன்னு விட்டிருக்கலாம்ல."

"பிள்ளை கேட்டா எப்படிங்க விடறது?" என்றேன். அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்கும் தெரியும். ஒரு ஸ்பூன் மைதா. அதைப் போடாமல் இருந்திருந்தால் பிள்ளை வீட்டில் இருந்திருப்பாள். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சனிக்கிழமை காலை பெற்றவள் வந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம், கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. பொடிசு ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. துணிமணி, புத்தகம் எல்லாம் நான்தான் மடித்து அடுக்கி வைத்திருந்தேன். பொடிசு வண்டியில் ஏறிக்கொண்ட பிறகு அவள் திரும்பி வந்து, வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அவ என்னை அடியோட மறந்திருப்பா, எதுக்கு இழுத்து வெச்சு அலைக்கழிக்கணும்னு தோணிடுச்சு. மனுவை வாபஸ் வாங்கறேன்னு புதன்கிழமை காலையிலதான் எழுதினேன். சாயங்காலம் வேலை முடிஞ்சு போஸ்ட் பண்ணலாம்னு பையில வெச்சிருந்தேன். மதியம் உங்க போன் வந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

அந்தப் புதன்கிழமை மதியம் வரைக்கும் பொடிசு என் பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறாள்.

"பரவாயில்லைங்க" என்றேன். அவளால் பெரிய பையைத் தூக்க முடியவில்லை. நான்தான் தூக்கிக் கொண்டுபோய் வண்டியில் வைத்தேன்.