மாலகாவில் ஒரு வியாழக்கிழமை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் ஊர் ஹில்ஸ்பரோ சற்குணம் அண்ணை ஸ்பெயின் போய்வந்தார். நான் பக்கத்து நியூ லின்னைத் தாண்டவில்லை. தமிழ்ச் சங்க மலருக்கு 'பண்பாட்டுப் பயணக் கட்டுரை' வேண்டும் என்றார் ஆசிரியர் விநாயகமூர்த்தி. சற்குணத்திடம் படங்களை வாங்கினேன். நாற்பத்தொரு படம், எல்லாம் மியூசிய வாசல்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. கட்டுரை அங்கேயே செத்தது.

2

முதல் தொடக்கம்: 'கதிரவன் தன் பொற்கரங்களால் மாலகா நகரைத் தழுவிய அவ்வினிய வேளையில்...' [வெட்டியாயிற்று. விநாயகமூர்த்திக்கு மிகவும் பிடித்திருந்தது, அதுவே காரணம்.]

இரண்டாவது: 'மகள் வருவாள் என்று விமான நிலையத்தில் சற்குணம்'

[முடிக்கவில்லை. நீங்கள் இப்போதே கண்ணைத் துடைக்கத் தயாராகிவிடுவீர்கள்.]

மகள் சோபனா லண்டனில் ஆஸ்பத்திரித் தாதி. மூன்று வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. லீவு இல்லை என்றார். ஏழு வார லீவு சேர்ந்து கிடந்தது. தன்னைக் கேட்காமல் மாப்பிள்ளை தேடிக்கொண்டாள் என்ற கோபம். இந்த வருடம் அவளே செய்தி அனுப்பினாள்: மாலகாவில் சந்திப்போம், ஒருநாள் லீவு எடுக்கிறேன், மியூசியம் மியூசியமாக ஆறுதலாய் நடக்கலாம். நான்கு மியூசியங்களின் பட்டியலும் வந்தது. 'வீட்டுக்கு வாங்கோ' மட்டும் வரவில்லை. அதை அவள் வாயால் கேட்கத்தான் மனிதர் பூமியின் மறுபக்கம் போனார்.*

* அலங்காரமில்லை. ஹில்ஸ்பரோவில் நேர்கீழே தோண்டினால் மாலகாவுக்குக் கொஞ்சம் மேற்கே தலை நீட்டலாம்.

3

விமான நிலையத்தில் அவள் இல்லை. இரண்டு மணி நேரம் நின்றார். கோபம் தீரவில்லையாக்கும் என்று பட்டியலோடு நடக்கத் தொடங்கினார். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து அணைத்த போன் பைக்குள் கிடந்தது.

முதலில் ஓவிய மியூசியம், பிறகு கண்ணாடி மியூசியம். நடுவில் அவசரமே அறியாத தெருக்கள், கண் கூசும் வெயில். மூன்று மணிக்கு ஊரே குடும்பம் குடும்பமாகத் தெருவில் மேசை போட்டுச் சாப்பிடுகிறது. ஒற்றை ஆளுக்கு மேசை கேட்கக் கூச்சப்பட்டு, விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டை நின்றபடி தின்றார். படங்கள் எடுத்தார். ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் ஓராள் நிற்க இடம் விட்டிருக்கிறார். கேட்டால், "அது ஆங்கிள்" என்கிறார்.

மூன்றாவது வாசலில் கொடுத்த நுழைவுச் சீட்டில் தேதி இருந்தது. வியாழன்.

மகளுக்கு அவர் சொன்னது புதன். விமான டிக்கெட்டில் வியாழன் என்றுதான் இருந்தது. நாம் ஸ்பெயினுக்கு ஒருநாள் முந்தி வாழ்கிறவர்களாயிற்றே என்று ஒருநாளைக் கழித்துவிட்டார். டிக்கெட்டில் போட்டிருந்ததே ஸ்பெயின் நாள்தான்.

[இதை நம்ப முடிகிறதா? பஸ்ஸுக்கு நேர அட்டவணை போடுவது இவர் உத்தியோகம். நேரே கேட்டேன். "மற்றவன் ஏறுற பஸ்ஸுக்குத்தானே தம்பி நான் டைம் போடுறனான்," என்றார்.]

4

வாசல் படியில் உட்கார்ந்து போனைத் திறந்து மகளைக் கூப்பிட்டார். வேலையிடத்தில் இடைவேளை, உடனே எடுத்தாள்.

"அப்பா! எங்கை நிக்கிறியள்?"

"மாலகாவிலை. மூண்டாவது மியூசியத்தடி."

"நான் நேற்று வந்து ராவு திரும்பிட்டன். நாலு மியூசியமும் தனியத்தான் பாத்தனான்."

"நான் நாள் கழிச்சது பிழைச்சுப்போச்சு, பிள்ளை."

"ஊருக்கெல்லாம் பஸ் விடுற மனுசன்!" சிரித்தாளா, விம்மினாளா, அவருக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு பக்கமும் சத்தமில்லை.

5

முடிவு ஒன்று: சனிக்கிழமை அவள் பறந்து வருகிறாள். [அவளுக்கு லீவு இல்லை. இவரைப் போல அல்ல, உண்மையாகவே இல்லை.]

முடிவு இரண்டு: சற்குணம் மன்னிப்புக் கேட்கிறார். [எழுதிப் பார்த்தேன். தலைமையுரை போல வந்தது. பொன்னாடை ஒன்றுதான் குறை.]

உண்மையில் என்ன நடந்தது? "பிறகென்ன, கதைச்சம்," என்பதற்கு மேல் அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை.

அங்கிருந்து லண்டன் விமானத்தில் மூன்று மணி நேரம்கூட இல்லை. அவள் வீட்டுக்குக் கூப்பிடட்டும் என்று போனைப் பிடித்தபடி இவர் இருக்கிறார். கல்யாணத்துக்கே வராதவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று அவள். எனக்குக் கேலிதான் வரும். போனில் அடுத்து வரவேண்டிய இந்த ஒரு வரி வராது. யாராவது ஒருவரை நீங்கள் பேசவையுங்கள். யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், அவளுக்கு இடைவேளை முடிய நாலு நிமிடம்தான் இருக்கிறது.