எண்பது டிகிரி

"கைய வச்சுப் பாரு தம்பி. உயிரோட கீறவனுக்கு ஊத்தற சூடு போதும். அதுக்கு மேல வேணாம்."

சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் மோதினார் ஹயாத் பாஷா தள்ளி நின்றார். செங்கல்பட்டில் அடக்கத்துக்கு முன்னால் ஐந்நூறு மையத்துகளையாவது குளிப்பாட்டியிருப்பார். கொல்லையில் மூன்று கல் கூட்டி ஏற்றியிருந்த அண்டாவில் இலந்தை இலைகள் மிதந்தன. பஷீருதீன் சட்டைக் கையை மடித்து விரல்களை நீருக்குள் விட்டான். சுடுகிறதா, ஆறிவிட்டதா என்று தெரியவில்லை. எடுத்துக் கைலியில் துடைத்து மறுபடியும் விட்டான்.

"இன்னா, சரியா கீதா?"

"நீங்களே பாருங்க பாய்."

ஹயாத் பாஷா அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு முழங்கையை நனைத்துப் பார்த்து, இரண்டு செம்பு பச்சைத்தண்ணீர் கலந்தார்.

பஷீரின் அத்தா நூர்முகமது விடியற்காலை பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மறைப்புக்குக் கட்டிய புடவைகளுக்குப் பின்னால், பலகைமேல் படுத்திருந்த உடம்புக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை. உள்ளே போகத் திரும்பியவனை அம்மா அமீனா பீவி கதவிடுக்கிலிருந்து கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"அந்தக் கையில மட்டும் மெதுவா ஊத்தச் சொல்லு."

வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை கறுத்து, இரண்டு விரல்கள் இல்லாமல் இருந்தது. ஹயாத் பாஷாவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அந்தக் கையைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டு, பஷீரைத் தண்ணீர் விடச் சொன்னார். பஷீர் ஊற்றினான். பாதித் தண்ணீர் அவன் காலிலேயே விழுந்தது.

நூர்முகமதின் வேலை மாமல்லபுரத்துக் கடற்கரையில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டலில் தட்டு கழுவும் மிஷினை ஓட்டுவது. மதராஸ் துறைமுகத்தில் ஒரு பழைய கப்பலைப் பிரித்தபோது அதன் சமையலறையிலிருந்து இறங்கிய மிஷின் அது. விற்றவன், வாங்கிய முதலாளி, நடுவில் நின்ற தரகன் மூன்று பேருமே தான்தான் ஜெயித்ததாக நினைத்து வீட்டுக்குப் போனார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான் முடிய வேண்டும். மிஷினின் நெற்றியில் ஒரு குமிழ், அதைச் சுற்றி நம்பர்கள். மற்றவர்கள் ஓட்டினால் முப்பதிலும் ஐம்பதிலும் ஓட்டுவார்கள். நூர்முகமது எண்பதுக்குக் கீழே இறக்கியதே இல்லை.

காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் சொல்வார். சூடு குறைந்தால் தட்டிலிருந்து போன கொழுப்பு சாக்கடைக்குப் போகாது, மிஷினுக்குள்ளேயே தங்கிவிடும். குழாயில் உறையும். அடுத்த நாள் அந்த அழுக்கிலேதான் தட்டு குளிக்கும். பார்க்க வெள்ளையாக இருக்கும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற வீடு மாதிரி. நல்ல சூட்டில் வந்த தட்டைத் துணியால் துடைக்கவே வேண்டாம், தானே காயும். கட்டைவிரலை வைத்து இழுத்தால் கீச்சென்று சத்தம் போடும். தினமும் சாயங்காலம் ஒரு தட்டும் இல்லாமல், எலுமிச்சைத் தோலை மட்டும் போட்டு எண்பதில் ஒரு தடவை ஓட்டுவார். தட்டு கழுவுற மிஷினை யார் கழுவுவா என்பார்.

அதே ஓட்டலில் ஸ்டோர் குமாஸ்தாவாக பஷீரைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். கரண்ட் வெட்டும் டீசல் விலையும் ஒன்றாக ஏறிய வருஷம். பாதி நாள் ஜெனரேட்டர்தான். மேனேஜர் வாசுதேவன் பஷீரைக் கூப்பிட்டு, டீசல் செலவைக் குறைத்துக் காட்டுகிறவன்தான் அடுத்த ஸ்டோர் இன்சார்ஜ் என்றார். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் சொல்வதில்லை.

டீசலை அதிகம் தின்பது மிஷின்தான், சூட்டைக் குறைக்கலாமா என்று பஷீர் அத்தாவிடம் கேட்டுப் பார்த்தான். அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில், மளிகைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிற அந்தப் பழைய வேலையைப் பஷீர் மிஷினுக்குச் செய்தான். குமிழின் திருகாணியைக் கழற்றி, குமிழைத் திருப்பிப் பொருத்தினான். குமிழில் இருந்த முள் எண்பதைக் காட்டியது. உள்ளே தண்ணீர் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

ஒரு வாரம் கழித்து அத்தா வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, மிஷினில் சூடு பத்தவில்லை போலிருக்கிறது, தட்டு சத்தம் போடமாட்டேன் என்கிறது என்றார். நம்பர் எண்பதுதானே காட்டுகிறது என்று பஷீர் கேட்டான். ஆமாம் என்றார்.

"அப்ப உங்க கைதான் மரத்துப்போச்சு அத்தா. எத்தினி வருசமா சுடுதண்ணில கீது."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். படித்த பையன் சொல்கிறான். அதற்குப் பிறகு சூட்டைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் டெல்லியிலிருந்து வந்த கோஷ்டியில் பதினான்கு பேருக்கு வாந்தி பேதி. சுகாதார ஆய்வாளர் மிஷினின் மூடியைத் திறந்து, குழாய்க்குள் கரண்டிக் காம்பை விட்டு இழுத்தார். மஞ்சளாக, சோப்புக்கட்டி பருமனில் கொழுப்பு வந்தது. நாற்றத்தில் சமையல்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எண்பதிலேதான் ஓட்டினேன், தினமும் கழுவினேன் என்று நூர்முகமது சொன்னார். எண்பதில் ஓட்டினால் கொழுப்பு எப்படி உறையும் என்று வாசுதேவன் கேட்டார். நூர்முகமது தன் வலது கையைப் பார்த்தார். பதில் தெரிந்தவன் அவருக்கு மூன்றடி தள்ளி, ஸ்டோர் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே வேலை போயிற்று. மகன் வேலையைத் தொடவில்லையே, அதுவே பெரிய மனசு என்று வழியெல்லாம் அத்தா சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டில் உட்கார்ந்த நான்காம் மாதம், ஒரு பகலில், அமீனா பீவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, கொதிக்கிற உலைத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி வலது கையை விட்டார். சாயங்காலம் பஷீர் வந்தபோது கையில் வாழைக்குருத்தைச் சுற்றிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்.

"சுட்டுச்சுடா. நல்லா சுட்டுச்சு. மரத்துப்போவல."

"இன்னாத்துக்கு அத்தா இந்த வேல?"

"கையும் சரி, நம்பரும் சரின்னா, தப்பு எங்கடா கீது?"

முடிந்துபோனதை விடுங்கள் என்றான் பஷீர். அவருக்குச் சர்க்கரை. புண் ஆறவில்லை. முதலில் விரல் போயிற்று, பிறகு இன்னொரு விரல், பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று ராத்திரிவரை.

பதினோரு மணிக்கு ஓட்டல் வேன் தெருமுனையில் நின்றது. வாசுதேவன் மாலையோடு இறங்கினார். மாலை போடும் வழக்கமில்லை என்று தெரிந்ததும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தார். கூட வந்தவர்களில் ஏசுபாதமும் இருந்தார். அத்தாவோடு பதினோரு வருஷம் தட்டு அடுக்கியவர், இப்போது மிஷின் அவர் கையில். ஏசுபாதம் மையத்தின் முகத்தைப் பார்க்க வைத்திருந்த இடத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார். வெளியே வந்ததும் பஷீரைத் தோளில் தட்டிக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார்.

முந்தாநாள் மிஷினின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கோழி முட்டையைப் போட்டாராம். குமிழை எண்பதில் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினாராம். கல்லாகியிருக்க வேண்டிய முட்டை, உடைத்தால் பச்சையாக ஒழுகியதாம். மறுபடி ஒன்று போட்டார். அதுவும் அப்படியே.

"மிஷினு பொய் சொல்லிகினு இருந்துது தம்பி. பாய் கை பொய் சொல்லல. நேத்தே வந்து அவரு காதுல போட்டுடலாம்னு பாத்தேன். லீவு கெடைக்கல."

பஷீர் அண்டாவின் அடியில் அணைந்துகொண்டிருந்த கொள்ளியை இழுத்து வெளியே போட்டான்.

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

கடைக்காரன் கேட்கிற கேள்வி அது. வேறு எங்கேயாவது விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறாயா என்று. ஏசுபாதத்துக்கு வியாபாரம் தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லல. நீ புள்ள. ஒனக்குத்தானே மொதல்ல சொல்லணும்."

"அடக்கம் முடியட்டும்ண்ணே."

"முடிஞ்சா யாரு நிப்பா? அவனவன் பஸ்ஸு புடிக்கப் போயிடுவான். பள்ளியில நீதான பேசப்போற? ஒரு வார்த்த சேத்துச் சொல்லு. மேனேஜரும் நிக்கிறாரு. அழுக்கன்னு பேரு வாங்கினு போவக்கூடாது அந்த மனுசன்."

பள்ளிவாசலில் மையத்துத் தொழுகைக்கு முன்னால் மூத்த மகன் எழுந்து நின்று சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. என் தகப்பனார் யாருக்காவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று. எல்லாரும் மன்னித்தோம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் தொழுகை.

மையத்து வைத்த சந்தூக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய தெரு வழியாகப் போகையில் பஷீர் மனசுக்குள் அந்த வார்த்தையைப் பேரம் பேசிக்கொண்டு நடந்தான். நான்தான் குமிழைத் திருப்பினேன் என்று சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தான். தெரு திரும்புவதற்குள் அது மிஷின் கெட்டிருந்தது என்று இறங்கியது. மிஷின் கெட்டிருந்தது என்றால் ஒரு மெக்கானிக் வருவான், திருகாணியில் கீறலைப் பார்ப்பான், எந்த வாரத்திலிருந்து டீசல் குறைந்தது என்று வாசுதேவனுக்கு ஞாபகம் வரும். மணிக்கூண்டு தாண்டும்போது அத்தா சுத்தமான மனுஷன் என்று மட்டும் சொன்னால் போதும் என்றாயிற்று. பள்ளிவாசல் படியில் கால் வைத்தபோது கையில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

வரிசைகள் நேராயின. தொழவைக்கும் ஹஸ்ரத் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். பஷீர் திரும்பி நின்றான். திறந்த கதவுக்கு வெளியே, படிக்குக் கீழே, செருப்பைக் கழற்றிவிட்டு வாசுதேவனும் ஓட்டல்காரர்களும் நின்றார்கள். ஏசுபாதம் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அத்தா..." என்றான் பஷீர். "எங்க அத்தா தெரிஞ்சோ தெரியாமலோ யாருக்காவது தப்பு பண்ணியிருந்தா, மன்னிச்சிடுங்க."

இன்னும் ஏதோ சொல்லப் போகிறவன்போல் நின்றான். ஹஸ்ரத் காத்திருந்தார்.

"அவ்வளவுதான்" என்றான்.

மன்னிச்சோம், மன்னிச்சோம் என்று வரிசை வரிசையாகச் சத்தம் எழுந்து அடங்கியது. அடங்கிய பிறகு, முறை தெரியாமல் சற்றுத் தாமதமாக, படிக்குக் கீழேயிருந்து வாசுதேவனின் குரல் வந்தது. கண்கலங்கித்தான் சொன்னார்.

"அதெல்லாம் நான் அப்பவே மன்னிச்சிட்டேன் பஷீர்."

ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டார். தொழுகை முடிந்து சந்தூக் வெளியே வந்தபோது மற்றவர்களோடு அவரும் தோள் கொடுத்தார். எதிர்க்கம்பில் பஷீர். கபரஸ்தான்வரை இருவர் தலையும் ஒரு முழ இடைவெளியில் போயின. ஏசுபாதம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வாசலில் இறக்கியதும், நாலு மணி பஸ்ஸுக்கு என்று யாரிடமோ சொல்லிவிட்டு, வேனில் ஏறாமல் நடந்தே போனார்.

குழி ஆழமாக, சுத்தமாக வெட்டியிருந்தது. ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். ஹயாத் பாஷா தலைமாட்டில் உட்கார்ந்து ஓதி, எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். கூட்டம் வாசலை நோக்கித் திரும்பியது. பஷீர் கடைசியாக நகர்ந்தான்.

கடைசி ஆள் நாற்பது அடி எடுத்து வைத்ததும் வானத்திலிருந்து இரண்டு மலக்குகள் வருவார்கள் என்பார்கள். கபருக்குள் இருப்பவரை எழுப்பி உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களாம். அவர் ஒருவராகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பஷீர் எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். இருபதில் ஒரு வேப்பமரம். முப்பதில் பழைய கபர் ஒன்றின் உடைந்த சுவர். முன்னால் போனவர்கள் வாசலைக் கடந்து ரோட்டில் நின்று பீடி பற்ற வைத்தார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நின்றுவிட்டான்.

"வா தம்பி" என்று வாசலிலிருந்து ஹயாத் பாஷா கூப்பிட்டார். கையில் பூட்டு இருந்தது. "எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க பாரு."

"கால்ல முள்ளு பாய்."

ஹயாத் பாஷா காத்திருந்தார். பஷீர் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைத் தூக்கிப் பிடித்து, உள்ளங்காலில் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தான். அங்கே மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. காலைக் கீழே வைக்காமல் தேடிக்கொண்டே இருந்தான்.