பில்மா வழியில் ஒரு பிரசவம்

பில்மாவுக்கு உப்பு ஏற்றப் போகும் ஒட்டக வரிசை சகாராவின் தெனேரே மணலில் நடக்கத் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிற்காது. தேநீர்கூட நடக்க நடக்கத்தான் கொதிக்கும். அதனால் கமிதூனின் சாம்பல்நிறப் பெண்ணொட்டகம் நட்டநடுப் பகலில் கால் மடக்கிப் படுத்ததும் எல்லோருக்கும் எரிச்சல்.

"வயிறப் பாரு, நல்லா தின்னு வளந்த ஒட்டகம்னு பீத்திக்கிட்டியே மச்சான்," என்றான் மாமன் மகன் கீசா. "தின்ன தீனி இப்ப கால நீட்டுது பாரு."

குட்டியின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன.

வரிசையை நடத்தும் எகியா வானத்தைப் பார்த்தார். "காத்து எழும்புது. நாங்க நிக்க முடியாது. ஈன்றதும் தாயை மட்டும் ஓட்டிட்டு வா. குட்டிய விட்டுரு."

கமிதூன் ஒட்டகத்தின் பின்னால் மண்டியிட்டான். வரிசை நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், கீசாவும் தன் ஒட்டகத்தோடு நின்றிருந்தான்.

"நீ ஏன் நின்ன?"

"நீ மண்ணுக்குள்ள போயிட்டா நான் யாரக் கேலி பண்றது? எங்க அத்தைக்கு வேற மகன் இல்லையே."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அதைப் போர்த்த வேறு துணி இல்லை. பிறர் முன் வாய் தெரிய நிற்பது அவர்கள் இனத்தில் ஆண்பிள்ளைக்கு வெட்கம். ஆனாலும் கமிதூன் வாயையும் மூடிச் சுற்றியிருந்த தன் நீலத் தலைப்பாகையை அவிழ்த்தான்.

கீசா ஓரக்கண்ணால் பார்த்தான். "இத்தன வருஷம் மூடி வச்சதுல ஞாயம் இருக்கு, மச்சான்."

குட்டியைக் கீசாவின் ஒட்டகத்தின் மேல் கட்டினார்கள். தாய் கதறிக்கொண்டே பின்னால் வந்தது. ஆனால் காற்று அதற்குள் வரிசை போன தடத்தையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. கீசா பேச்சை நிறுத்தினான். மணலைவிட அந்த அமைதிதான் கமிதூனுக்குப் பயம் தந்தது.

கொஞ்ச தூரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. கமிதூன் குனிந்து எடுத்தான். ஒட்டகப் புழுக்கை, உள்ளே இன்னும் ஈரம் காயவில்லை.

"நம்ம ஆளுங்கதான்," என்றான். அப்பால் இன்னொன்று, அதற்கப்பால் ஒரு குவியல். இருவரும் வாய்விட்டுச் சிரித்தபடி அந்தக் கறுப்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சூரியன் மணல்மேட்டைத் தொடும்போது அடுப்புப் புகை தெரிந்தது.

இறக்கிவிட்ட குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து தாயின் மடியைத் தேடியது.

"விடச் சொன்னேனே," என்றார் எகியா.

"காத்துல காது கேக்கல, பெரியவரே," என்றான் கமிதூன்.

எகியா குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சுமையிலிருந்து நல்ல புல்கட்டு ஒன்றை உருவி, தாயின் முன்னால் உதறிப் போட்டார்.

"நாளைக்கு குட்டிய என் ஒட்டகத்துல ஏத்துங்க," என்றார். "கீசா கட்டற முடிச்சப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது."