கசட்டில் பிழைத்த பூஞ்சை

1996 கோடையில் விஜயஸ்ரீக்கு எதுவும் கைகூடவில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பித்துவந்த அவள், வெண்கலப் பட்டறைக் கசட்டில் தங்கிப்போகும் செம்பைப் பூஞ்சையைக் கொண்டு பிரித்துவிடலாம் என்று நம்பியிருந்தாள். பூஞ்சை சீனியைத் தின்று புளிப்பை வெளிவிடும். அந்தப் புளிப்பில் செம்பு கரையும். ஆனால் புனேயிலிருந்து தருவித்த பூஞ்சை, கசட்டுப் பொடியைத் தூவியதுமே செத்தது. மூன்று மாதத்தில் ஏழு முறை.

மறுபடி கசடு வாங்க அம்பாசமுத்திரம் பஸ் ஏறினாள். பட்டறைக்காரர் காசிலிங்கம் வெளியே போயிருந்தார். அவர் மனைவி கோமு கொல்லைக்குக் கூட்டிப்போனாள்.

கசட்டுக் குவியலின் ஓரத்தில் பிழிந்த எலுமிச்சந்தோல்கள் அழுகிக் கிடந்தன. அவற்றின்மேல் கறுப்பாகப் பூஞ்சை. அங்கே மட்டும் கசடு, செம்பு கரைந்தால் வரும் மயில்நீலமாகியிருந்தது. விஜயஸ்ரீ, சேலை மண்ணில் புரள, அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

குப்பையைப் பார்க்கிறாளே என்று கோமுவுக்குக் கூச்சம். இன்றைக்கே அள்ளிவிடுவதாகச் சொன்னாள்.

"அள்ளிராதீங்கக்கா. இது செம்புக்குள்ளயே பிழைச்சுக் கிடக்கு. நான் தேடுனது இதத்தான்."

பூஞ்சையைத் தோலோடு எடுத்துப்போக, கோமு மூடிபோட்ட ஒரு சம்புடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீலம் எலுமிச்சையால் வந்ததா, பூஞ்சையால் வந்ததா? அது தெரிவதற்காகக் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளில் சீனித்தண்ணீரும் கசட்டுப் பொடியும் போட்டு, ஒன்றில் மட்டும் பூஞ்சையை விட்டாள் விஜயஸ்ரீ. பதினொன்றாம் நாள் காலை அந்தக் குடுவை நீலமாக நின்றது. மற்றது போட்டபடியே இருந்தது. அவள் ஆய்வகத்தைவிட்டு வராந்தாவுக்கு ஓடி, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தபால் கார்டு வாங்கிக் கோமுவுக்கு எழுதினாள்.

சனிக்கிழமை தம்பதி இருவரும் வந்தார்கள். கரைந்த செம்பு இரும்பில் படியும் என்று விஜயஸ்ரீ நீலத்தண்ணீரில் ஓர் இரும்பாணியைப் போடச் சொன்னதும், கோமு கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக இறக்கினாள். அரைமணி கழித்து எடுத்தபோது ஆணி சிவந்திருந்தது. காசிலிங்கம் நகத்தால் சுரண்டி, வெயிலில் காட்டிப் பார்த்தார்.

"செம்புதான்," என்றார்.

மூட்டைக்கு எவ்வளவு தேறும் என்று கேட்டார். இன்னும் தெரியாது, பார்க்க ஒரு வருஷமாவது வேண்டும் என்றாள் விஜயஸ்ரீ. அப்படியானால் குவியல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்.

வளர்க்கிற பூஞ்சைக்கு ஒரு பெயர் எழுதி ஒட்டவேண்டும். 'கோமு' என்று வைக்கலாமா என்று கேட்டாள்.

"தூரப் போட்ட தோல்ல முளைச்சதுக்கு எம் பேரா?" கோமு சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு குடுவையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வைங்க டீச்சர். ஆனா கோமதின்னு முழுசா எழுதுங்க."