சூளைப் பக்கம் திரும்பும் கம்பி

கம்பிக்காரர் நான்கு வருடம் கழித்து அந்தக் கடைக்குள் கால் வைத்தபோது, ரேடியோக்காரி ஒரு மின்விசிறியைக் குடல் வேறு தோல் வேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரிப்பேருக்கு ரேடியோ வந்தே பல காலம் ஆகிறது. வருவதெல்லாம் இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி, தண்ணீரில் விழுந்த கைபேசி. ஆனாலும் தெரு ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் வைத்ததுதான்.

அவள் புருஷனின் புதையல் கூட்டாளி அவர். ஊர் ஊராகக் கம்பி பிடித்துக்கொண்டு இருவரும் அலைந்தார்கள். கம்பி தானாகத் திரும்பும் திசையை அவர் காட்டுவார், இவன் தோண்டுவான். ஒரு குண்டுமணித் தங்கம்கூட வீட்டுக்கு வந்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன் அவர் மட்டும் திரும்பி வந்தார். "என்கிட்ட சண்டை போட்டுட்டு பஸ் ஏறிட்டாம்மா. பக்கத்துல ஒரு பொம்பள உக்காந்திருந்தா," என்றார். அந்தக் கடைசி வாக்கியம் தெருவெல்லாம் பரவியது. அன்றிலிருந்து ரேடியோக்காரி புருஷனைத் தேடவில்லை. திட்டுவதற்கு மட்டும் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"ரிப்பேருக்கு வந்தேன்," என்றார் கம்பிக்காரர். ஆள் பாதியாகிப் போயிருந்தார். மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார். கைக்கு அடக்கமாக ஒரு பிடி, தலையில் தடையில்லாமல் சுழலும் நீளக் கம்பி, பின்பக்கம் மூடி போட்ட சின்னக் குழி. "லொக்கேட்டர். வெளிநாட்டுச் சாமான். அஞ்சு மைல் தள்ளி இருக்கிறதையும் காட்டும். எதைத் தேடுறோமோ அதுல துளி எடுத்து இந்தக் குழியில போடணும். தங்கம்னா தங்கம், வெள்ளின்னா வெள்ளி. அந்த மாதிரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இது போகும்."

"என்ன கோளாறு?"

"எதைப் போட்டாலும், எங்க நின்னாலும், ஒரே இடத்துக்குத் திரும்புது. வடக்க போய் நின்னேன், தெக்க பார்த்துச்சு. மேக்க போய் நின்னேன், கிழக்க பார்த்துச்சு. நம்ம ஊர்க்கோடிப் பழைய செங்கல் சூளைதான் அதுக்கு எல்லாம்."

"அப்போ அங்கேயே தோண்டிப் பார்க்க வேண்டியதுதானேண்ணே."

"அங்க ஒண்ணும் இல்ல." பதில் கேள்வியின் வாலை மிதித்துக்கொண்டு வந்தது. "முன்னாடி கவைக்குச்சி வச்சிருந்தேன், அதுவும் அப்படித்தான் கெட்டுச்சு. செப்புக் கம்பியும் கெட்டுச்சு. இதுவாவது ஒழுங்கா இருக்கும்னு வாங்கினேன்."

இரண்டு நாளில் வரச் சொன்னாள்.

அன்று மத்தியானமே பெட்டியைத் திறந்தாள். திறந்ததும் சிரித்துவிட்டாள். ஒரு பேட்டரி, ஒரு சிவப்பு விளக்கு, கனம் காட்டுவதற்கு ஓர் இரும்புத் துண்டு, நடுவில் கறுப்புப் பசை ஊற்றி மூடிய ஒரு பலகை. பசையைச் சூடாக்கிச் சுரண்டினாள். பலகையிலிருந்து கம்பிக்கு ஓர் இணைப்பும் இல்லை. மாதிரிக் குழிக்கும் இல்லை. விளக்கு எரியும், அவ்வளவுதான். எந்த மகானுபாவன் செய்து விற்றானோ, ஊரை நன்றாக ஏய்த்திருக்கிறான்.

"அத்தை, வந்து பாருங்க," என்றாள்.

தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்த மாமியார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்பதை ஊரில் நம்பாத ஒரே ஜீவன் அவள். 'பக்கத்துத் தெருவுக்குப் போனாலே வழி கேட்டுக்கிட்டு வர்றவன், அவன் எங்கடி பொம்பளையோட பஸ் ஏறப் போறான்' என்பது அவள் கட்சி.

"உள்ள ஒண்ணுமே இல்லயே. அப்புறம் எப்படிடீ திரும்புது?"

"பிடிச்சிருக்கிற கைதான் அத்தை. மணிக்கட்டு நூல் அளவு சாய்ஞ்சா போதும், கம்பி ஓடிடும். திருப்புறது நாமதான்னு நமக்கே தெரியாது. மனசுல என்ன இருக்கோ அந்தப் பக்கம் கை சாயும்."

மாமியார் கம்பியை விரலால் சுண்டிவிட்டாள். "அப்போ அந்தக் கம்பிக்காரன் கைக்கு என்னடி தெரியும்?" என்றாள்.

ரேடியோக்காரியின் சிரிப்பு நின்றது. திருப்புளி கையிலிருந்து நழுவி எங்கோ உருண்டு போனது. அவள் அதைத் தேடவில்லை. அன்றைக்குத் திட்ட வேண்டிய ஐந்து நிமிடத்தையும் மறந்துபோனாள்.

இரண்டு நாளும், குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும், மின்விசிறியை மாட்டும்போதும், தன் கழுத்து தானாகச் சூளைப் பக்கம் திரும்புவதை உணர்ந்தாள். திரும்பாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கழுத்து கேட்கவில்லை.

கம்பிக்காரர் வந்தார். "சரி பண்ணியாச்சு, பிடிச்சுப் பாருங்க," என்று, ஒன்றுமில்லாத பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தாள். கம்பி சுழன்று சூளைப் பக்கம் நின்றது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"இந்தச் சுழல் நாற்காலியில உக்காருங்கண்ணே. கண்ணைக் கட்டிப் பார்த்தாத்தான் எந்த இடத்துல கோளாறுன்னு தெரியும்."

துணியால் கண்ணைக் கட்டி, நாற்காலியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை சுற்றி நிறுத்தினாள். கம்பி சுவரைக் காட்டியது. மறுபடி சுற்றினாள். மேசையைக் காட்டியது. அடுத்த முறை கதவை. ஒரு முறைகூடச் சூளையைக் காட்டவில்லை. கட்டை அவிழ்த்தாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து, தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்ட கணத்தில், கம்பி நேராகச் சூளைக்கு ஓடியது.

அவள் பெட்டியை வாங்கி மூடியைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். "உள்ள ஒண்ணும் கிடையாது. குச்சிக்குள்ளயும் ஒண்ணும் கிடையாது, செப்புக் கம்பிக்குள்ளயும் கிடையாது."

அவர் உள்ளே விரலை விட்டுத் துழாவினார். இரும்புத் துண்டை எடுத்துப் பார்த்தார். "அப்போ நான்தானா திருப்புறேன்," என்று கேட்டார், சின்னப் பிள்ளை கேட்பதுபோல.

"நீங்கதான்ண்ணே."

அவருக்கு அழுகை வரவில்லை, இருமல் வந்தது. இருமி முடித்துச் சொன்னார். அன்றைக்குச் சூளையில் ஆளுயரத்துக்கு மேல் தோண்டியாகிவிட்டது. ஒரு பக்கத்து மண் உள்ளே நின்றவன்மேல் சரிந்தது. அவர் மேலே கம்பியோடு நின்றுகொண்டிருந்தார். ஆளைக் கூப்பிட்டால் திருட்டுத்தனமாகத் தோண்டியது தெரிந்துவிடும் என்ற பயம். வெறுங்கையால் கொஞ்சம் அள்ளிப் பார்த்தார். அள்ள அள்ளச் சரிந்தது. ஓடிவிட்டார். மறுநாள் போய் குழியை மூடி, மேலே உடைசெங்கல்லைப் பரப்பிவிட்டு வந்தார்.

"குரல் கேட்டுச்சா?" என்றாள் தடுப்பருகே நின்ற மாமியார்.

"கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்."

"யாரை?"

அவர் ரேடியோக்காரியைப் பார்த்தார். "இவளைத்தான்," என்றார்.

காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார்கள். போலீஸ் வரும்வரை வீட்டில் இருக்க மாமியாருக்குக் கால் தரிக்கவில்லை. அலமாரியில் இருந்த மகனின் சட்டையிலிருந்து ஒரு பித்தானைப் பிய்த்து, பெட்டியின் மாதிரிக் குழியில் போட்டு மூடினாள். "எதைத் தேடுறோமோ அதைப் போடணும்னானே," என்றாள். அது வெறும் பெட்டி என்று மறுபடியும் சொல்ல ரேடியோக்காரிக்கு மனம் வரவில்லை.

கம்பிக்காரரையும் கூட்டிக்கொண்டு போனபோது சூளையில் சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாலைந்து வீடு கட்டுகிற அளவு இடம், எங்கு பார்த்தாலும் உடைசெங்கல், இடுப்பளவு களை. "எந்த இடம்?" என்று ரேடியோக்காரி கேட்டாள். கம்பிக்காரர் நுழைவாயிலைத் தாண்டவில்லை. இடிந்த புகைபோக்கியைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், களையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

ரேடியோக்காரி பெட்டியை நீட்டிப் பிடித்து நடந்தாள். மணிக்கட்டை அசைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முதலில் கம்பி ஆடாமல் இருந்தது. பிறகு மெதுவாக, யாரோ தோளைத் தொட்டுத் திருப்புகிற மாதிரி, இடப்பக்கம் போனது. அங்கே தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மூலை. அந்த ஒரு மூலையை மட்டும் கம்பிக்காரர் வந்ததிலிருந்து பார்க்கவே இல்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கைக்கு அதற்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

மூலையில் போய் நின்றாள். கம்பி நடுங்கியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உடைசெங்கல்மேல் உட்கார்ந்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நான்கு வருடமாகத் தினமும் வாயில் வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட இப்போது வரவில்லை.

மண்ணின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "என்னையா கூப்பிட்ட," என்றாள். "அன்னைக்குக் கடையில ரேடியோ பாடிக்கிட்டிருந்துச்சு. எனக்குக் கேக்கல."